ஐந்நூறு வருஷத்துக் கல்யாண ஊர்வலம்

ஒரு கல்யாண வீட்டில் எத்தனை முட்டை செலவாகும், சகோதரிகளே? நம்மில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணத்தில் முட்டைக்கே இடம் கிடையாது என்பது வேறு விஷயம். 1475-ஆம் வருஷம் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில், லாண்ட்ஸ்ஹூட் என்கிற ஊரில் நடந்த கல்யாணத்துக்கு 1,94,345 முட்டை செலவானதாகக் கணக்கு இருக்கிறது. கோழி 40,000. வாத்து 11,500. எருது மட்டும் முந்நூறுக்கு மேல். விருந்தாளிகள் சுமார் பத்தாயிரம் பேர். ஊர் ஜனங்களுக்கும் ஒரு வாரம் அரண்மனைச் செலவில் சாப்பாடு. கடைசி ஐந்து முட்டையைக்கூட விடாமல் எழுதி வைத்த கணக்குப்பிள்ளையை நினைத்து என் கணவர் வியந்து போனார். எனக்கோ, அத்தனை முட்டையையும் உடைத்து ஊற்றிய கைகள் யாருடையவை என்றுதான் தோன்றியது. அவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்!

மாப்பிள்ளை பவேரியா இளவரசர் ஜார்ஜ், வயது 20. இவர்கள் பரம்பரைக்கே 'பணக்கார' என்று ஓர் அடைமொழி உண்டு. பெண், போலந்து ராஜா காசிமிரின் மகள். போலந்தில் யாத்விகா, ஜெர்மனியில் ஹெட்விக். வயது 18. இரண்டு ராஜ்யங்கள் உறவு கொண்டாட வேண்டும், துருக்கியப் படையை எதிர்க்கத் துணை வேண்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். பெண் கிராக்கோ நகரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் பிரயாணம் செய்து வந்து சேர்ந்தாள். நவம்பர் 14-ந் தேதி, குளிர்காலத்தில் கல்யாணம். சக்கரவர்த்தி மூன்றாம் பிரடெரிக் வந்திருந்தார். பெண்ணின் தாய், தகப்பனார் வரவில்லை.

இந்தக் கல்யாண ஊர்வலத்தைத்தான் லாண்ட்ஸ்ஹூட் ஜனங்கள் 1903-லிருந்து திரும்ப நடத்திக் காட்டி வருகிறார்கள். ஊர் மன்றத்துப் பெரிய கூடத்தில் 1880-களில் அந்தக் கல்யாணத்தைச் சுவர் முழுக்கச் சித்திரமாக எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த இரண்டு ஊர்க்காரர்களுக்கு, இதை உயிரோடு நடத்திக் காட்டினால் என்ன என்று தோன்றியதாம். இப்போதெல்லாம் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, கோடைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு மேல் நடக்கிறது. கொரோனாவால் 2021-ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய் 2023-ல் நடந்தது. அதனால்தான் எங்களுக்கும் பார்க்கக் கொடுத்து வைத்தது.

என் மகள் ம்யூனிக்கில் இருக்கிறாள் என்று இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். 2023 மார்ச்சில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பிரசவத்துக்குச் சம்பந்தியம்மாள் போய்விட்டு வந்தார். அவர் திரும்பியதும் மே மாதம் நாங்கள் போனோம். விசாவில் 90 நாள்தான். ஜூலை கடைசியில் கிளம்பியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு என் மகளும் நாலு மாதக் குழந்தையும், காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் மாலை ஏழு மணிக்கு வருகிற மாப்பிள்ளையும்தான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை ஒளிப்பானேன்? போன புதிதில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு பார்த்தால், குளிக்கிற அறையில் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு அழுகிறாள். கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, தூக்கம் பத்தல" என்பாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், இளம் தாய்மார்கள் கவனியுங்கள். பிரசவமான முதல் வாரம், பத்து நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது ரொம்பப் பேருக்கு உண்டு. உடம்பு தன் நிலைக்குத் திரும்பும்போது வருவது அது, தானே போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் "கண் பட்டிருக்கு, சுத்திப் போடு" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. நம் நாட்டில் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அந்த நாட்டில் பிரசவமான பெண்ணுக்கு இன்ஷூரன்ஸ் செலவில் மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பார்க்கிறார். பன்னிரண்டு வாரம் வரை வருவார். பால் கொடுப்பதில் சந்தேகம் இருந்தால் அதற்குப் பிறகும் கூப்பிடலாம். அவர் சொல்லித்தான் மகளை டாக்டரிடம் அழைத்துப் போனோம். வியாதி இல்லை, களைப்பும் தனிமையும், ஆனால் கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர்.

தனிமை என்று டாக்டரே சொன்ன பிறகு எந்தத் தாய் சும்மா இருப்பாள்? "என்னோட மதுரைக்கு வந்துரு. ஆறு மாசம் இருந்துட்டு அப்புறம் வரலாம்" என்றேன். மகள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. "அவ இஷ்டம் அத்தை" என்று ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் அன்று இரவு அவர் தோசையில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனதை நான் பார்த்தேன்.

இப்படி வீடு கொஞ்சம் கனத்துக் கிடந்த சமயத்தில்தான், "அத்தை, ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போலாமா?" என்று கேட்டார். நான் யாரோ தமிழ்க்காரர் வீட்டுக் கல்யாணம் என்று நினைத்துப் பட்டுப்புடவை கொண்டு வந்தேனா என்று பெட்டியைத் திறந்துவிட்டேன்!

ஜூலை 9-ந் தேதி. ம்யூனிக்கிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பவேரியா மாநிலத்துக்குள் ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் நாள் முழுவதும் சாதாரண ரயிலில் போகலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது ரொம்ப மலிவு. பேரனைத் தள்ளுவண்டியில் வைக்காமல் நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணிப்பையில் எடுத்துப் போனோம். திருவிழாக் கூட்டத்தில் தள்ளுவண்டி கால் வைக்க இடமில்லாமல் திணறும். கல் பாவிய தெருவில் குழந்தைக்குக் குலுங்கியே தூக்கம் கெடும். துணிப்பையில் வைக்கும்போது குழந்தையின் மூக்கும் வாயும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முகவாய் அதன் நெஞ்சில் போய் அழுந்தக் கூடாது. ஒரு முத்தம் கொடுக்கிற உயரத்தில் தலை இருந்தால் சரி என்று அந்த மருத்துவச்சி சொல்லிக் கொடுத்தார்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். இதில் ஒரு வேடிக்கை. 1475-ல் அந்த ராஜா வீட்டுப் பந்தியில் உருளைக்கிழங்கு கிடையாது, தக்காளி கிடையாது, மிளகாய் கிடையாது. ஏன், நம் மதுரையிலும்தான் அப்போது மிளகாய் கிடையாது! கொலம்பஸ் அமெரிக்கா பக்கம் போனது 1492-ல். அதற்குப் பிறகுதான் இவை உலகமெல்லாம் பரவின. அப்போது அவர்களுக்கும் காரம் என்றால் மிளகு, இஞ்சிதான். அந்த மிளகு நம் மலையாளக் கரையிலிருந்து அரபுக் கப்பலேறி, வெனிஸ் வியாபாரிகள் கை மாறி, யானை விலை குதிரை விலையில் போய்ச் சேர்ந்தது. வாஸ்கோடகாமா வழி கண்டுபிடித்து வந்தது 1498-ல்தானே! ஆகவே அந்தக் கல்யாணத்து உபசாரத்தில் நம் பக்கத்துக் கைமணமும் இருந்தது என்று நான் வாதாடினேன். "ஆரம்பிச்சுட்டா" என்றார் இவர்.

ஊர் அழகு. ஈசார் நதிக்கரையில், மேலே மலையில் கோட்டை. கீழே அகலமான கடைவீதி, இரண்டு பக்கமும் முக்கோண முகப்பு வைத்த உயரமான பழைய வீடுகள். புனித மார்ட்டின் தேவாலயத்துக் கோபுரம் 130 மீட்டர். செங்கல்லில் கட்டிய கோபுரங்களில் உலகத்திலேயே உயரமானது இதுதான். தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எனக்கே கழுத்து வலித்தது. அந்தக் கோயிலில்தான் அந்தக் கல்யாணம் நடந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஊர்வலம். பெஞ்சியில் உட்கார்ந்து பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும். நாங்கள் தெருவோரம் நிழல் பார்த்து நின்றோம். நல்ல வெயில்! ஐரோப்பா என்றால் எப்போதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அன்று நம் மதுரைப் பங்குனி வெயில்தான்.

வெயிலில் கைக்குழந்தையோடு நிற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாகம் என்று தண்ணீர் கொடுக்காதீர்கள். தாய்ப்பாலிலேயே வேண்டிய தண்ணீர் இருக்கிறது. வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்க வேண்டியவள் தாய். தள்ளுவண்டியில் வெயில் படாமலிருக்கக் கனத்த துணியைப் போட்டு மூடுவதைப் பார்க்கிறேன். உள்ளே காற்றோட்டமில்லாமல் சூடு இன்னும் ஜாஸ்தியாகும். நிழல்தான் வேண்டும், மூடி போட்ட பாத்திரம் வேண்டாம். ஒன்றுக்குப் போவது குறைந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, குழந்தை துவண்டு துவண்டு தூங்கினாலோ திருவிழாவை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். மேளச் சத்தத்துக்கும் ஒதுங்கியே நிற்க வேண்டும். பேரனுக்குக் காதை மூடுகிற பஞ்சு வைத்த பட்டை ஒன்று மாப்பிள்ளை வாங்கி வந்திருந்தார். அதை மாட்டியதும் குட்டி விமானி மாதிரி இருந்தான்.

முரசும் எக்காளமும் முதலில் வந்தன. சுற்றி நின்ற ஜனங்கள் எல்லாரும் கையைத் தூக்கி "ஹலோ! ஹலோ!" என்று கத்தினார்கள். இவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணி ஒவ்வொருவருக்கும் பதில் ஹலோ சொல்லி, கை குலுக்கவும் போய்விட்டார். அந்த ஊர்வலத்துக்கு உரிய வாழ்த்தே அதுதானாம். டெலிபோன் வருவதற்கு முன்னாலேயே! ஊர்வலத்தில் வருகிறவர்கள் "வானமே லாண்ட்ஸ்ஹூட், ஆயிரம் லாண்ட்ஸ்ஹூட்" என்று பொருள்படக் கோஷம் போடுவார்கள். நாம் ஹலோ சொல்ல வேண்டும். நம் ஊரில் 'கோவிந்தா' போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இரண்டாயிரம் பேருக்கு மேல் வேஷம் கட்டி வருகிறார்கள். வேஷம் என்று சொல்வதே தப்போ என்னவோ! கொடியை ஆகாயத்தில் வீசிப் பிடிக்கிறவர்கள், கவசம் போட்ட குதிரை வீரர்கள், கழைக்கூத்தாடிகள், பிச்சைக்காரர்கள், தலையில் பூவளையம் வைத்த குழந்தைகள். ஒருத்தர் கையிலும் கடிகாரம் இல்லை. இந்தக் காலத்து மூக்குக்கண்ணாடி இல்லை, உதட்டுச் சாயம் இல்லை. ஆண்களுக்கு ஒட்டு முடி கூடாது. பல மாதம் முன்னாலிருந்தே சொந்த முடியை வளர்க்க வேண்டும். துணிகளை அந்தக் காலத்து ஓவியங்களைப் பார்த்து, கம்பளியிலும் லினனிலும் வெல்வெட்டிலும் தைக்கிறார்கள். அந்த வெயிலில் வெல்வெட்! எல்லாரும் ஊர்க்காரர்கள், பாங்கு குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், ரொட்டிக் கடைக்காரர். மாப்பிள்ளையின் தகப்பனாராக வருகிறவரைக் குதிரைகள் சுமக்கும் பல்லக்கில் கொண்டு வந்தார்கள். அந்த ராஜாவுக்குக் கீல்வாதத்தால் நடக்க முடியாதாம், அதைக்கூட விடவில்லை.

கடைசியில் பொன்னிற வண்டியில் பெண் வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஊரிலேயே ஒரு பெண்ணை மணப்பெண்ணாகத் தேர்ந்தெடுப்பார்கள். வெள்ளைவெளேரென்று, சிரித்த முகமாகக் கையசைத்துக்கொண்டு போனாள். ஜனங்கள் ஆரவாரம் காதைப் பிளந்தது.

எனக்குச் சித்திரைத் திருவிழா ஞாபகம் வந்துவிட்டது. நாமும்தானே வருஷா வருஷம் மீனாட்சிக்குக் கல்யாணம் செய்கிறோம்? மொய் எழுதுகிறோம், தாலிச் சரடு மாற்றிக்கொள்கிறோம், ஊரே சம்பந்தி விருந்து சாப்பிடுகிறது. ஆனால் மீனாட்சி பிறந்த வீட்டை விட்டுப் போகவில்லை பாருங்கள். மதுரை அவள் ஊர், அவள் ராஜ்யம், சொக்கர்தான் வந்தார். இந்த ஹெட்விக் தெரியாத ஊருக்கு வந்தவள். நிஜத்தில் கோயிலுக்குப் போகும்போது பெண் அழுதாள் என்று சொல்கிறார்கள். ஊர்வலத்தில் அந்த அழுகை கிடையாது. திருவிழாவில் அழுகையைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்?

என் பக்கத்தில் நின்ற மகளை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் பேரன் பசியில் வீரிட்டான்.

பால் கொடுக்க இடம் தேட வேண்டுமே! நான் துப்பட்டாவை எடுப்பதற்குள், மகள் ஒரு வீட்டு வாசல்படியில் நின்ற அம்மாளிடம் ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டாள். அறுபது வயதிருக்கும், லினன் முக்காடு, நீலக் கம்பளிப் பாவாடை, அந்தக் காலத்து வேஷம். ஊர்வலத்தில் முதலிலேயே நடந்து முடித்துவிட்டு வந்தவராம். உடனே உள்ளே வரச் சொன்னார். வாசலுக்குப் பின்னால் குளுகுளுவென்று ஒரு கல் முற்றம், ஒரு பெஞ்சு, ஒரு குழாய். நான் அந்தக் குழாயில் கைக்குட்டையை நனைத்து மகளின் பிடரியில் வைத்தேன். அந்த அம்மாள் ஒரு பெரிய கிளாசில் தண்ணீர் கொண்டு வந்து, குழந்தையைப் பார்க்காமல் முதலில் தாயிடம் நீட்டினார். இவர் விவரம் தெரிந்தவர் என்று அப்போதே எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

பேச்சு தொடங்கியது. மகள் அவ்வப்போது எனக்குச் சொன்னாள். "அம்மா, இவங்க பாவாடையை இவங்களே கையால தைச்சாங்களாம்." "இவங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல எல்லாரும் அவர் முடியைப் பார்த்துச் சிரிக்கிறாங்களாம்." "சின்னப் பிள்ளையிலேர்ந்து ஊர்வலத்துல நடக்கறாங்களாம்." ராஜ குடும்பத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் தாங்களே பால் கொடுக்க மாட்டார்களாம், அதற்கென்று செவிலித்தாய் உண்டாம் என்று அந்த அம்மாள் சொன்னாராம். "பாவம், அதுகூட இல்லையா அவளுக்கு" என்றேன் நான்.

அப்புறம் மகள் எனக்குச் சொல்வதை நிறுத்திவிட்டாள். மறந்துபோய்விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஏதோ மும்முரமாகப் பேசுகிறார்கள். வார்த்தை கிடைக்காமல் மகள் நிறுத்துவாள். அந்த அம்மாள் காத்திருப்பார், எடுத்துக் கொடுக்க மாட்டார். பிறகு மகளே தேடிப் பிடித்துச் சொல்லுவாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். என் மகள் எனக்குப் புரியாத ஒரு பாஷையில் சிரிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டு மாதமாக அவள் தமிழிலும் அப்படிச் சிரிக்கவில்லை. எனக்குச் சந்தோஷமா, பொறாமையா என்று கேட்டால் இரண்டும்தான்.

"என்ன சொன்னாங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டேன். "அவங்க மருமகளும் வேற நாட்டுப் பொண்ணாம். முதல் வருஷம் தினம் அழுதுச்சாம். இங்க தாய்மாருங்க எல்லாம் குழந்தையோட வாரத்துக்கு ஒரு நாள் கூடுவாங்களாம். என் பேட்டையிலயும் இருக்கும், போய்க் கேளுன்னாங்க." "சிரிச்சியே, அது எதுக்கு?" "அது உனக்கு வேணாம், மாமியாரைப் பத்தி!" என்றாள்.

மாலையில் மைதானத்தில் குதிரை வீரர்களின் ஈட்டி விளையாட்டு உண்டு. அதற்கு இவரும் மாப்பிள்ளையும் மட்டும் போனார்கள். கரியில் வாட்டிய கோழியைச் சாப்பிட்டுவிட்டு, 40,000-த்தில் ஒன்று என்று இவர் பீற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் தேவாலயத்தின் குளிர்ச்சியில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் மகள் செல்போனில் தேடி ஹெட்விக்கின் மீதிக் கதையைப் படித்துச் சொன்னாள்.

அது எந்த ஊர்வலத்திலும் வராத கதை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெரும்பாலும் ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில் பர்க்ஹவுசன் கோட்டையில் வாழ்ந்தாள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கோட்டை; உலகத்திலேயே நீளமானது. புருஷன் அவளை அங்கே ஒதுக்கி வைத்துவிட்டான் என்று வெகு காலம் பேச்சு. சரித்திரம் படித்தவர்கள் அப்படியில்லை என்கிறார்கள். அந்த வம்சத்து ராணிகள் வாழ்ந்த இடமே அதுதான், அவளுக்குத் தனி அரண்மனை பரிவாரமெல்லாம் உண்டு என்கிறார்கள். ஐந்து குழந்தைகள். மூன்று பிள்ளைகளும் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். இரண்டு பெண்கள் தங்கினார்கள். 1502-ல் அவள் இறந்தபோது வயது 44. என்னைவிட மூன்று வயது சின்னவள். அடுத்த வருஷம் அவனும் போனான். ஆண் வாரிசு இல்லையென்று சொத்துச் சண்டை மூண்டு, 1504-ல் நாடே எரிந்தது. மூத்த மகள் எலிசபெத்தும் அந்தச் சண்டைக் காலத்திலேயே இறந்துபோனாள். அத்தனை முட்டை உடைத்த கல்யாணம்!

மகள் போனை மூடி வைத்தாள். "நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கல்யாணம் மட்டும் நடத்தறாங்க. அடுத்த நாள் காலையில அவ என்ன பண்ணியிருப்பான்னு யாருமே நடத்திக் காட்டறதில்ல, இல்லம்மா?" என்றாள். நான் பேரனைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். இவர் நின்றுகொண்டே தூங்கினார். மாப்பிள்ளை பேரனை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். மகள் அவர் பக்கம் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள்: "அம்மா, நான் இப்ப உன்கூட வரல. டிசம்பர்ல மூணு பேருமா வர்றோம். ஆனா நீ போன முதல் வாரம் தினம் ரெண்டு தடவை போன் பண்ணணும்." மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நான் ஒரு மாசம் லீவு கேட்டிருக்கேன் அத்தை. அப்பாமாருக்கும் இங்க பிள்ளை பார்க்க லீவு உண்டு" என்றார். இதை இரண்டு வாரம் முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. மாப்பிள்ளையாயிற்றே, விழுங்கிக்கொண்டேன்.

கிளம்ப மூன்று வாரம்கூட இல்லை. மறுநாளிலிருந்து அடுப்படியை விட்டு நான் நகரவில்லை. பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, பூண்டுப்பொடி, வத்தக்குழம்பு தொக்கு எல்லாம் செய்து, ஈரமில்லாத கண்ணாடி ஜாடிகளில் நிரப்பித் தேதி எழுதி ஒட்டினேன். இட்லிப்பொடியில் மட்டும் காரம் குறைத்தேன், பால் கொடுக்கிறவளுக்கு நெஞ்செரிகிறது என்றாள். வியாழக்கிழமை அவளோடு நடந்துபோய்ப் பேட்டை நூல்நிலையத்து மாடியில் தாய்மார்கள் கூடுகிற அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு குழந்தைகள், தரையில் ஜமக்காளம், ஒரே கூச்சல். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மருத்துவச்சியின் நம்பரையும் டாக்டர் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அதற்குக் கீழே, லாண்ட்ஸ்ஹூட் அம்மாள் எழுதிக் கொடுத்த நம்பரை மகளே ஒட்டியிருந்தாள். அடுத்த ஊர்வலம் 2027-ல். அதுவும் அந்தச் சீட்டிலேயே எழுதியிருந்தது.